வெறுப்பு: ஒரு சொல்லும் அதன் பல படிகளும்

மனித உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளுள் விருப்பும் வெறுப்பும் தலையாயவை. ஏனைய உணர்ச்சிகள் யாவும் பெரும்பாலும் இவ்விரண்டின் கிளைகளே. விருப்பத்தைப் பற்றிப் பேசாத மேடையில்லை; எழுதாத ஏடில்லை. ஆனால் வெறுப்பைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. எதை வெறுக்கலாம், எதை வெறுக்கக் கூடாது, எவ்வளவு வெறுக்கலாம், வெறுப்பு வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் நம் மார்க்கம் தெளிவான வரம்புகளை வகுத்துத் தந்திருக்கிறது. அவற்றை அறிந்துகொள்ள ஒரு சிறு சொல்லிலிருந்து தொடங்குவோம்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு. அது 'ஹேட்' என்பது. பாகற்காய்க் கறியையும் 'ஹேட்' என்கிறார்கள். கணக்குப் பாடத்தையும் 'ஹேட்' என்கிறார்கள். காலையில் எழுப்பினால் அதையும் 'ஹேட்' என்கிறார்கள். தம்பி பேனாவை எடுத்துவிட்டால், "ஐ ஹேட் யூ" என்று அவனிடமே சொல்லிவிடுகிறார்கள். உணவுக்கும் பாடத்துக்கும் உறக்கத்துக்கும் உடன்பிறந்தானுக்கும் ஒரே சொல்! கேட்கும் உம்மாவும் வாப்பாவும், பிள்ளை ஆங்கிலம் பேசுகிறதே என்று மகிழ்ந்து போகிறார்கள். அந்தச் சொல்லின் எடை என்ன என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆங்கிலச் சொல்லின் பொருள்

'ஹேட்' என்பது ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. வேற்று மொழியிலிருந்து கடன் வாங்கியதன்று. அம்மொழியின் வேரிலேயே உள்ளது. ஜெர்மன் மொழியில் 'ஹாஸ்' என்று வழங்கும் சொல் இதன் உடன்பிறப்பு. கடும் பகையோடு கூடிய வெறுப்பு என்பதே இதன் அசல் பொருள். இதிலிருந்தே 'ஹேட்ரெட்' என்ற பெயர்ச்சொல்லும் வந்தது. பகைமை நிலை என்று அதற்குப் பொருள் கூறலாம்.

இச்சொல்லைச் சுற்றி ஒரு குடும்பமே இருக்கிறது. 'டிஸ்லைக்' என்றால் பிடிக்கவில்லை என்று மட்டும் பொருள். அதில் பகை இல்லை. 'டிஸ்கஸ்ட்' என்றால் அருவருப்பு. சுவை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாக்கு ஏற்க மறுப்பதுதான் அதன் மூலப்பொருள். 'அவெர்ஷன்' என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல். அதுவும் லத்தீன் மொழியில் 'அப்பால் திரும்புதல்' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. 'அப்ஹார்' என்பதன் வேர், மயிர் சிலிர்த்து நடுங்கிப் பின்வாங்குவதைக் குறிக்கும். ஆக, பிடிக்காமை, நாக்கு மறுத்தல், முகம் திரும்புதல், உடல் நடுங்குதல், உள்ளம் பகைத்தல் என்று படிப்படியாகச் சொற்கள் இருக்கின்றன. இவற்றுள் கடைசிப் படியில் நிற்பதைத்தான் நம் குழந்தைகள் முதல் படிக்குப் பயன்படுத்துகிறார்கள்.

ஆங்கிலேயர்களும் பேச்சு வழக்கில் இச்சொல்லை இலேசாகக் கையாள்வதுண்டு. ஒருவரைத் தொந்தரவு செய்ய நேர்ந்தால், "ஐ ஹேட் டு டிஸ்டர்ப் யூ" என்பார்கள். "உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க மனம் வரவில்லை" என்பதே அதன் கருத்து. அங்கே அது பணிவுச் சொல். ஆனால் "ஐ ஹேட் ஹிம்" என்று ஓர் ஆளைச் சுட்டிச் சொன்னால், அது பழைய பொருளுக்கே திரும்பிவிடுகிறது. இலக்கண ஆசிரியர்கள் மற்றொன்றையும் கூறுவர். ஓடிக்கொண்டிருக்கிறேன், உண்டுகொண்டிருக்கிறேன் என்பதுபோல் இச்சொல்லைத் தொடர்வினை வடிவில் பொதுவாக வழங்குவதில்லை. ஏனெனில் அது கை கால்களின் செயலன்று; உள்ளத்தின் நிலை. அந்த நிலையைக் குறித்துத்தான் இங்கே நாம் பேசப்போகிறோம்.

தமிழில் மட்டும் என்ன? பிடிக்கவில்லை, ஒவ்வவில்லை, சலிப்பு, கசப்பு, அருவருப்பு, வெறுப்பு, காழ்ப்பு, பகை என்று நமக்கும் படிகள் உண்டு. ஆனால் வேலைக் களைப்பில் "வெறுத்துப் போச்சு" என்று சொல்லும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. ஆகவே, குறை ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. நாவை அளந்து பயன்படுத்தாத குறை எல்லா மொழியிலும் நுழையக்கூடியதே.

திருமறையில் 'குர்ஹ்'

இனி, திருக்குர்ஆனின் மொழிக்கு வருவோம். அரபு மொழியில் 'கரிஹ' என்ற வினைச்சொல் இருக்கிறது. வெறுத்தான், விரும்பவில்லை என்று அதற்குப் பொருள் தருவார்கள். இதே வேரிலிருந்துதான் குர்ஹ், கராஹத், இக்ராஹ், மக்ரூஹ், மகாரிஹ் ஆகிய சொற்கள் பிறக்கின்றன. இந்த ஒரு வேர் எத்தனை பொருள்களைத் தாங்கி நிற்கிறது என்று பார்த்தால் வியப்பு மேலிடும்.

போர் உங்கள் மீது விதிக்கப்பட்டிருக்கிறது, அதுவோ உங்களுக்கு 'குர்ஹ்' ஆக இருக்கிறது, நீங்கள் வெறுக்கும் ஒன்று உங்களுக்கு நன்மையாகவும் நீங்கள் விரும்பும் ஒன்று உங்களுக்குத் தீமையாகவும் இருக்கக்கூடும் என்ற கருத்தில் இறைவன் அருளியுள்ளான் (2:216). ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிக்தால் அவர்கள் இங்கே 'ஹேட்' என்ற சொல்லை எடுத்தார்கள். அப்துல்லாஹ் யூசுஃப் அலீ அவர்களோ 'டிஸ்லைக்' என்ற இலேசான சொல்லை எடுத்தார்கள். ஸஹாபாப் பெருமக்கள் இறைக்கட்டளையைப் பகைத்தார்கள் என்று யாரும் கூற முடியுமா? முடியாது. உயிருக்கும் உறவுக்கும் ஏற்படும் இழப்பை எண்ணி மனித இயல்பு தயங்கியது, அவ்வளவே. இறைவன் அந்தத் தயக்கத்தை மறைக்கவுமில்லை, அதற்காகக் கண்டிக்கவுமில்லை. அது உங்கள் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு மேலே ஏறி நில்லுங்கள் என்று கற்பிக்கிறான்.

இன்னோர் இடத்தைப் பாருங்கள். பெற்றோருக்கு நன்மை செய்யுமாறு கட்டளையிடும் வசனத்தில், தாய் தன் பிள்ளையைக் 'குர்ஹ்' உடனே சுமந்தாள், 'குர்ஹ்' உடனே ஈன்றாள் என்று வருகிறது (46:15). இங்கே வெறுப்போடு சுமந்தாள் என்று பொருள் கொண்டால் எவ்வளவு பெரிய விபரீதம்! எந்தத் தாய் தன் வயிற்றுப் பிள்ளையை வெறுக்கிறாள்? சிரமத்தோடு சுமந்தாள், வேதனையோடு ஈன்றாள் என்பதே இதன் கருத்து. யூசுஃப் அலீ அவர்கள் இவ்விடத்தில் 'பெயின்', அதாவது வலி என்றே மொழிபெயர்த்தார்கள். உடலுக்கு வேதனை; உள்ளத்துக்கு ஆசை. ஒரே நேரத்தில் இரண்டும் ஒரு தாயிடம் இருக்கின்றன.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்களுக்கு இமாம் ராகிப் அல் இஸ்பஹானி அவர்கள், குர்ஆனின் சொற்களை விளக்கும் தமது 'முஃப்ரதாத்' நூலில் வழி காட்டுகிறார்கள். வெறுப்பு இரு வகைப்படும். ஒன்று, இயல்பு வெறுப்பது. மற்றொன்று, அறிவு அல்லது ஷரீஅத் வெறுப்பது. எனவே ஒரே பொருளை ஒருவன் அறிவால் விரும்பி, இயல்பால் வெறுக்க இயலும் என்பது அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம். கசப்பு மருந்தை நினைத்துப் பாருங்கள். நாக்கு அதை வெறுக்கிறது; நோயாளியோ கேட்டு வாங்கிக் குடிக்கிறான். மாற்றிச் சொன்னால், பாவமான காரியங்களில் பல இயல்புக்கு இனிக்கின்றன. ஈமான் அவற்றை வெறுக்கிறது. இறைவன் ஈமானை உங்களுக்கு நேசமுள்ளதாக்கி, நிராகரிப்பையும் பாவத்தையும் மாறுசெய்வதையும் உங்களுக்கு வெறுப்பானவையாக ஆக்கினான் என்று திருமறை கூறுவது (49:7) இந்த இரண்டாவது வகை வெறுப்பையே. இது ஓர் அருட்கொடை.

'மகாரிஹ்' என்ற சொல்லையும் கவனியுங்கள். மனத்துக்குப் பிடிக்காதவை என்று அதற்குப் பொருள். சுவனம் மகாரிஹ்களால் சூழப்பட்டுள்ளது, நரகம் ஆசைகளால் சூழப்பட்டுள்ளது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மகாரிஹ் வேளைகளிலும் ஒளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் செயல்களுள் ஒன்று என்பதும் அதே நூலில் உள்ளது. மார்கழிக் குளிரில் ஸுப்ஹுக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் கை நனைக்கும்போது உடல் நடுங்குகிறதே, அதுதான் அது! ஸுப்ஹுக்கு எழுப்பும்போது பிள்ளை முகம் சுளித்தால், "தொழுகையை வெறுக்கிறான்" என்று உம்மா பதறத் தேவையில்லை. அவனுடைய உடல் உறக்கத்தை விரும்புகிறது, அவ்வளவுதான். எழுந்து தொழுதுவிட்டானானால், அந்தச் சுளிப்பே அவனுக்கு நன்மையாகிவிடும்.

உள்ளத்துப் பகைக்கு வேறு சொற்கள்

உள்ளத்தில் ஊறிய பகையைக் குறிக்கக் குர்ஆன் வேறு சொற்களைக் கையாள்கிறது. 'பக்ளா' என்பது பகைமையோடு கூடிய வெறுப்பு. மதுவாலும் சூதாட்டத்தாலும் உங்களுக்குள் விரோதத்தையும் 'பக்ளா'வையும் உண்டாக்கவே ஷைத்தான் விரும்புகிறான் என்கிறது திருமறை (5:91). ஒருவரையொருவர் வெறுக்காதீர்கள், பொறாமை கொள்ளாதீர்கள், முதுகைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், சகோதரர்களாக இருங்கள், ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாமலிருப்பது ஆகுமானதன்று என்ற கருத்துடைய ஹதீஸை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது. அங்கே தடுக்கப்பட்டிருக்கும் வெறுப்பு இந்த வேரிலுள்ள 'புக்ளு' தான். 'ஹேட்' என்பதற்கு நேரான சொல் இதுவே.

'ஷனஆன்' என்பது ஒரு கூட்டத்தார் மீது கொள்ளும் குரோதம். 'மக்த்' என்பது இழிசெயலைக் கண்டு எழும் கடும் வெறுப்பு. சொல்வதொன்றும் செய்வதொன்றுமாக இருப்பது இறைவனிடத்தில் பெரும் 'மக்த்' என்று வருகிறது (61:3). 'கில்லு' என்பது நெஞ்சுக்குள் மறைந்து கிடக்கும் வன்மம். இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைப்பது, எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போன்றது.

உணவில் நாயகம் (ஸல்) அவர்களின் வழி

பிடிக்காமையை எப்படி வெளிப்படுத்துவது? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருபோதும் உணவைக் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், பிடிக்கவில்லையானால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). எத்துணைச் சுருக்கமான வழி! பிடிக்காததை உண்ண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சமைத்தவள் மனம் நோகப் பேசவும் இடமில்லை.

மற்றொரு நிகழ்ச்சி. அன்னை மைமூனா (ரலி) அவர்கள் வீட்டில் பொரித்த 'ளப்பு' இறைச்சி வைக்கப்பட்டது. தமிழில் இதை உடும்பு என்று மொழிபெயர்ப்பார்கள். பாலைநிலத்தில் வாழும் ஒருவகைப் பிராணி அது. நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் "இது ஹராமா?" என்று கேட்டார்கள். இல்லை, இது என் மக்களின் ஊரில் இருந்ததில்லை, ஆகவே என் மனம் ஒவ்வவில்லை என்ற கருத்தில் விடை வந்தது. காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

இதில் எத்தனை பாடங்கள்! தமக்கு ஒவ்வாததை அவர்கள் பிறருக்குத் தடுக்கவில்லை. தம் ஒவ்வாமைக்கு மார்க்கச் சாயம் பூசவில்லை. ஊர்ப் பழக்கமே காரணம் என்று உள்ளதைச் சொன்னார்கள். நம்மில் சிலரோ, தமக்குப் பிடிக்காத ஒன்றைக் கண்டால் உடனே அதை மார்க்கத்துக்கு விரோதம் என்று கூறிவிடுகிறார்கள். தன் மனத்தின் வெறுப்பு வேறு, ஷரீஅத்தின் வெறுப்பு வேறு என்பதை இந்நிகழ்ச்சி வரைந்து காட்டுகிறது.

'மக்ரூஹ்' என்றால் என்ன?

ஷரீஅத்தின் வெறுப்பு என்றதும் 'மக்ரூஹ்' என்ற சொல் நினைவுக்கு வரும். வெறுக்கப்பட்டது என்பது அதன் சொற்பொருள். ஃபிக்ஹு நூல்களில் செயல்கள் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன: கடமை, விரும்பத்தக்கது, ஆகுமானது, வெறுக்கத்தக்கது, விலக்கப்பட்டது. இவற்றுள் நான்காவதே மக்ரூஹ். அதை அல்லாஹ்வுக்காக விட்டவனுக்கு நற்கூலி உண்டு. செய்தவனுக்குத் தண்டனை இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பொதுவான விளக்கம். ஹனஃபீ மத்ஹபில் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். ஹராமுக்கு நெருக்கமானது 'மக்ரூஹ் தஹ்ரீமீ'. அதைச் செய்வது குற்றம். ஹலாலுக்கு நெருக்கமானது 'மக்ரூஹ் தன்ஸீஹீ'; அதை விடுவது சிறப்பு. காரணமின்றி அஸர் தொழுகையைச் சூரியன் மங்கி மஞ்சளாகும் வரை பிற்படுத்துவதை அவர்கள் முதல் வகையில் சேர்ப்பார்கள்.

இச்சொல்லில் இரு தவறுகள் நிகழ்கின்றன. முதலாவது, "மக்ரூஹ்தானே, ஹராம் இல்லையே" என்று அலட்சியமாக இருப்பது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சுப் பேசுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்து வந்தார்கள் என்று புகாரியில் உள்ளது. இரவு நெடுநேரம் கைபேசியில் பேசிக் கழித்துவிட்டு ஸுப்ஹைத் தவறவிடும் வீடுகளில் இந்த வெறுப்பின் பொருளை விளக்க வேண்டியதே இல்லை. அல்லாஹ்வின் தூதர் வெறுத்தார்கள் என்பதே ஒரு முஃமினுக்குப் போதிய காரணம்.

இரண்டாவது தவறு, குர்ஆனிலும் பழைய இமாம்களின் சொல்லிலும் வரும் 'மக்ரூஹ்' என்பதற்குப் பிற்கால ஃபிக்ஹின் பொருளைக் கொடுப்பது. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் கொலை, விபசாரம், அநாதையின் பொருளை உண்ணுதல் முதலியவற்றைத் தடுத்துவிட்டு, இவற்றின் தீமை உம் இறைவனிடம் 'மக்ரூஹ்' என்று முடிகிறது (17:38). கொலை வெறும் வெறுக்கத்தக்கது, தண்டனைக்குரியதன்று என்று யாராவது கூறுவார்களா? இமாம் மாலிக், இமாம் அஹ்மத் போன்றோர் பேணுதலின் காரணமாக ஹராம் என்று சொல்லத் தயங்கி, "இதை நான் வெறுக்கிறேன்" என்று மட்டும் சொன்ன இடங்கள் உண்டு. பின்வந்தவர்களில் சிலர் அதை இலேசாக எடுத்துக்கொண்டு தவறினார்கள் என்று இப்னுல் கையிம் அவர்கள் 'இஃலாமுல் முவக்கிஈன்' நூலில் எச்சரித்திருக்கிறார்கள். ஒரு சொல்லின் பொருளைக் காலமும் இடமும் அறிந்து கொள்ளாவிட்டால் அமலே பிழையாகிவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

கணவன் மனைவியிடையே

வெறுப்பு என்ற சொல் ஒரு குடும்பத்தையே உடைத்துவிடக்கூடிய இடம் இல்லறம். அங்கே இறைவனும் தூதரும் காட்டிய கவனத்தைப் பாருங்கள். மனைவியரோடு நல்ல முறையில் வாழுங்கள், அவர்களை நீங்கள் வெறுத்தாலும், நீங்கள் வெறுக்கும் ஒன்றில் அல்லாஹ் ஏராளமான நன்மையை வைத்திருக்கலாம் என்று திருமறை போதிக்கிறது (4:19). போரைப் பற்றிய வசனத்தில் வந்த அதே கருத்து இல்லறத்திலும் வருகிறது!

அரபு மொழியில் கணவன் மனைவியிடையே எழும் வெறுப்புக்கென்றே 'ஃபர்க்' என்று ஒரு தனிச்சொல் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அச்சொல்லை எடுத்து, ஒரு முஃமின் ஒரு முஃமினான பெண்ணை வெறுக்க வேண்டாம், அவளிடம் ஒரு குணம் பிடிக்காவிட்டால் மற்றொரு குணம் பிடிக்கும் என்ற கருத்தில் அருளினார்கள் (முஸ்லிம்). இங்கே ஒரு நுட்பம் உள்ளது. பிடிக்காமை குணத்தின் மீது. வெறுப்போ ஆள் மீது. ஒரு குணம் பிடிக்கவில்லை என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் மறுக்கவில்லை. அந்த ஒரு குணத்தை வைத்து முழு மனுஷியையும் வெறுப்பதையே தடுத்தார்கள். "உன் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கும் "உன்னையே எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கும் எவ்வளவு தூரம்! முன்னதற்கு மருந்து உண்டு. பின்னது வீட்டைக் கலைத்துவிடும். மாமியார் மருமகளிடையிலும் இதே அளவுகோல் பொருந்தும்.

அதே வேளையில், மனம் ஒப்பாமையை மார்க்கம் புறக்கணிக்கவும் இல்லை. முன்பு மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, அவர்கள் விரும்பாத இடத்தில் தந்தை மணமுடித்துக் கொடுத்தார். அவர்கள் நாயகத்திடம் வந்து முறையிட்டபோது அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது (புகாரி). விடுதலை பெற்ற பெண்மணி பரீரா (ரலி) அவர்கள் தம் கணவர் முகீஸ் (ரலி) அவர்களோடு வாழ விரும்பவில்லை. முகீஸோ கண்ணீர் தாடியில் வழிய அவர் பின்னால் நடந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் பரீராவிடம் பரிந்து பேசினார்கள். "இது கட்டளையா?" என்று அவர் கேட்டார். பரிந்துரை மட்டுமே என்று பதில் வந்தது. "அவர் எனக்குத் தேவையில்லை" என்று கூறிவிட்டார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை (புகாரி). இக்ராஹ், அதாவது நிர்ப்பந்தம் என்ற சொல்லும் கராஹத்தின் வேரிலிருந்தே வருகிறது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். உள்ளம் மறுப்பதை ஒருவர் மீது திணிப்பதே இக்ராஹ். மகளின் திருமணத்தைப் பேசும் வீடுகளில், அவள் மௌனம் சம்மதமா அச்சமா என்று பக்கத்தில் அமர்ந்து கேட்டறிவது பெற்றோரின் பொறுப்பாகும்.

மரணத்தை வெறுத்தல்

ஒரு சொல்லின் பொருளைக் கேட்டுத் தெளிவது நம் அன்னையர் காட்டிய வழியும்கூட. அல்லாஹ்வைச் சந்திப்பதை விரும்புபவரை அல்லாஹ்வும் சந்திக்க விரும்புகிறான், அதை வெறுப்பவரைச் சந்திக்க அல்லாஹ்வும் வெறுக்கிறான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், "நாம் எல்லோருமே மரணத்தை வெறுக்கிறோமே!" என்று கேட்டார்கள். அது அவ்வாறன்று, முஃமினுக்கு மரண வேளையில் இறைப்பொருத்தத்தின் நற்செய்தி கூறப்படும்போது முன்னிருப்பதைவிட அவனுக்கு விருப்பமானது வேறொன்றும் இராது என்று விளக்கம் அளிக்கப்பட்டது (புகாரி, முஸ்லிம்). மரணத்துக்கு அஞ்சும் நோயாளியிடம், "உனக்கு ஈமான் இல்லையா?" என்று கேட்பவர்கள் இந்த ஹதீஸை நினைக்க வேண்டும். மரணத்தின் மீதுள்ள கூச்சம் இயல்பு. இறைவனைச் சந்திப்பதை வெறுப்பது வேறு.

செயலை வெறுத்தல், செய்தவனை வெறுத்தல்

"அல்லாஹ்வுக்காக நேசிப்பதும் அல்லாஹ்வுக்காக வெறுப்பதும் ஈமானில் சேர்ந்தவை அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். ஆம், உண்மையே. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. லூத் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடம், நான் உங்கள் செயலை வெறுப்பவர்களில் ஒருவன் என்றுதான் கூறினார்கள் (26:168). உங்களை வெறுப்பவன் என்று கூறவில்லை. அல்லாஹ்வுக்காக எழும் வெறுப்பு பாவத்தின் மீது விழும். பாவி திருந்த வேண்டும் என்று துஆச் செய்யும். தனக்காக எழும் வெறுப்போ ஆளின் மீது விழும். அவன் அழிய வேண்டும் என்று காத்திருக்கும். சொத்துத் தகராறில் பிறந்த பகைக்குக்கூட அல்லாஹ்வின் பெயரைச் சூட்டிக்கொள்வோர் உண்டு. அவர்கள் தம் நெஞ்சைத் தாமே சோதித்துக்கொள்ளட்டும்.

வெறுப்புக்கு நியாயமான காரணம் இருந்தாலும் நீதி பிறழக் கூடாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள குரோதம் உங்களை அநீதிக்குத் தூண்ட வேண்டாம், நீதி செலுத்துங்கள், அதுவே தக்வாவுக்கு நெருக்கமானது என்பது இறைக்கட்டளை (5:8). பக்கத்து வீட்டார் யாராயினும், எச்சமயத்தவராயினும், வாங்கிய கடனிலும் சொல்லும் சாட்சியிலும் அளக்கும் அளவையிலும் நம் விருப்பு வெறுப்பு நுழையக் கூடாது.

வெறுப்பு நிலையானதும் அன்று. யமாமாவின் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் சிறைபிடிக்கப்பட்டு மஸ்ஜிதுன் நபவீயின் தூணில் கட்டப்பட்டார். மூன்றாம் நாள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை எந்த ஈட்டுத்தொகையுமின்றி விடுவிக்கச் சொன்னார்கள். போனவர் குளித்துவிட்டுத் திரும்பி வந்து கலிமாச் சொன்னார். பூமியில் உங்கள் முகத்தைவிட எனக்கு வெறுப்பான முகம் இருந்ததில்லை, இன்றோ அதுவே எனக்கு எல்லா முகங்களிலும் பிரியமானது என்ற கருத்தில் பேசினார் (புகாரி). மூன்றே நாட்கள்! சகோதரனோடு பேசாமலிருக்க நமக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவும் அதே மூன்று நாட்கள்தான் என்பது சிந்திக்கத்தக்கது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

ஒன்று: பிள்ளைகளுக்குச் சொற்களின் படிகளைக் கற்றுக்கொடுப்போம். உணவானால் "வேண்டாம்" அல்லது "பிடிக்கவில்லை". வேலையானால் "சிரமமாக இருக்கிறது". ஒருவர் செயலானால் "நீ செய்தது பிடிக்கவில்லை". ஆங்கிலத்தில் பேசும்போதும் 'டிஸ்லைக்' போன்ற இலேசான சொற்களைப் பழக்குவோம். 'ஹேட்' என்பதைப் பாவத்துக்கும் அநீதிக்கும் ஒதுக்கி வைப்போம்.

இரண்டு: சமைத்ததைக் குறை கூறாமல் விட்டுவிடும் ஸுன்னத்தை ஆண்கள் முதலில் பேணட்டும். பிள்ளைகள் கண்டு பழகுவார்கள்.

மூன்று: எவரேனும் பிடிக்காமல் போனால், அவரிடமுள்ள ஒரு நல்ல குணத்தைத் தேடி மனத்தில் நிறுத்துவோம். இல்லறத்துக்குச் சொன்ன மருந்து எல்லா உறவுக்கும் பொருந்தும்.

நான்கு: பேச்சுவார்த்தை நின்றுபோன உறவு இருந்தால், மூன்று நாள் கணக்கை எண்ணிப் பார்ப்போம். மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தாலும், ஸலாமை முதலில் தொடங்குபவரே சிறந்தவர்.

ஐந்து: எங்கள் உள்ளங்களில் ஈமான் கொண்டோர் மீது வன்மத்தை ஆக்கிவிடாதே என்று இறைஞ்சும் துஆ ஹஷ்ரு அத்தியாயத்தில் இருக்கிறது (59:10). தொழுகைக்குப் பின் அதை ஓதும் பழக்கத்தை வீட்டில் உண்டாக்குவோம்.

நாவில் வரும் சொல் உள்ளத்துக்குள் திரும்பவும் இறங்கக்கூடியது. வெறுக்கிறேன், வெறுக்கிறேன் என்று நூறு முறை சொல்லிப் பழகிய பிள்ளைக்கு வெறுப்பது எளிதாகிவிடும். அளந்து பேசப் பழகிய பிள்ளைக்கு உள்ளமும் அளவோடு நிற்கும்.

வல்ல அல்லாஹ் தான் வெறுப்பவற்றை நமக்கும் வெறுப்பாக்கி, தான் விரும்புபவற்றை நமக்கும் விருப்பமாக்கி, நம் குடும்பங்களிலும் அண்டை அயலிலும் நேசத்தை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.